சண்டை போடாத மீன்

“சாமி, என் மனைவி பேச மாட்டேங்கிறா” என்றார் அம்பலவாணன்.

“எப்போதிலிருந்து?”

“பையன் போனதிலிருந்து. பைக்ல வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தான், வழியில லாரி மோதிடுச்சு. நானும் அப்பன்தானே? எனக்கும் வலிதானே? நான் பேசலையா?”

“பேசுறீங்க” என்றார் குரு. வயதில் அவர் அம்பலவாணனுக்கு இளையவர்.

“அவன் வளர்த்த கோல்டு ஃபிஷ் ஒண்ணு இருக்கு சாமி. உருண்டை உடம்பு, இரட்டை வால். அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பா. அதுவாவது தனியா இருக்க வேண்டாமேன்னு இன்னொண்ணு வாங்கி விட்டேன். இப்போ பழசு இளைச்சுக்கிட்டே போகுது. அதுவும் போயிட்டா இவ என்ன ஆவாளோ.”

“புதுசு கடிக்குதா?”

“சேச்சே. அதுவும் கோல்டு ஃபிஷ்தான். ஒரே இனம். கடையில விசாரிச்சுத்தான் வாங்கினேன். சண்டையே கிடையாது.”

“தீனி?”

“ரெண்டு வேளையும் நானே போடுறேன்.”

“போட்டுட்டு?”

“போட்டுட்டு… என் வேலையைப் பார்க்கப் போயிடுவேன்.”

குரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“வாங்க, உங்க வீட்ல ஒரு காபி குடிக்கலாம்.”

*

போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வாசல் கதவு திறந்து கிடந்தது. உள்ளே நுழைந்ததும் அம்பலவாணன் அதைச் சாத்தினார்.

“கொசு, சாமி.”

அவர் மனைவி தையல்நாயகி காபி கொண்டுவந்து வைத்தாள்.

“நல்லா இருக்கீங்களா அம்மா?”

“இருக்கா சாமி. கால்வலிதான் கொஞ்சம்” என்றார் அம்பலவாணன்.

“நீங்க காபிக்குச் சர்க்கரை போட்டுக்குவீங்களா அம்மா?”

“அவ போட மாட்டா. எனக்குத்தான் ரெண்டு ஸ்பூன்.”

“இந்த மீன் யாரோடது அம்மா?”

“பையனோடது சாமி. காலேஜ் சேர்ந்த வருஷம் வாங்கினான்…”

தொட்டி எங்கே வாங்கியது, ஃபில்டர் எப்போது மாற்றியது எல்லாம் அம்பலவாணனே சொன்னார். தையல்நாயகியின் உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. மூடிக்கொண்டன.

“காபி மட்டும் அவங்க போட்டாங்களா, அதுவும் நீங்கதானா?” என்றார் குரு.

அம்பலவாணன் சிரித்தார்.

“சரி, தீனி போடுங்க.”

போட்டுவிட்டுத் திரும்பினார்.

“நில்லுங்க.”

நின்றார்.

புது மீனுக்கு ஒல்லி உடம்பு, ஒற்றை வால். சரேலென்று மேலே வந்தது. தீனி உருண்டைகளில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று, மூலையில் ஒதுங்கியதையும் விடவில்லை. பழைய மீன் கனத்த உடம்பைத் திருப்பி, இரண்டு வாலையும் இழுத்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தபோது வெறும் தண்ணீர்தான் இருந்தது. அதில் வாயைத் திறந்து திறந்து மூடியது.

“பொல்லாத மீனா இருக்கே! நாளைக்கே திருப்பிக் கொடுத்துடுறேன் சாமி.”

“பொல்லாதது இல்லை. அதுக்கும் பசிதான்.”

குரு ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டு இரண்டு மீனுக்கும் குறுக்கே நிறுத்தினார். மறுகையால் ஒரே ஒரு உருண்டையைப் பழைய மீனின் பக்கம் போட்டார்.

அது தவறவிட்டது. சுற்றி வந்தது. மறுபடியும் தவறவிட்டது.



உருண்டை ஊறி, மெல்ல மூழ்கத் தொடங்கியது. அப்புறம்தான் அதன் வாய்க்குள் போனது.

குரு கையை எடுக்கவில்லை.

“இந்த மீன் யாரோடது அம்மா?”

அம்பலவாணன் வாயைத் திறந்தார். தண்ணீருக்குள் நின்ற கையைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

தெருவில் ஒரு பைக் வந்தது. நிற்காமல் போனது. தொட்டியில் காற்றுக்குமிழிகள் ஏறிக்கொண்டே இருந்தன.

தையல்நாயகி குருவைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள்.

“அவன் வர்ற நேரத்துக்குத் தினமும் நான் கதவைத் திறந்து வைக்கிறேன்” என்றாள். “நீங்க கொசு வரும்னு சாத்திடுறீங்க.”