சவுண்டலுக்குப் போட்ட வேலி

காங்கேயத்துக்குத் தெற்கே கொத்துமுள்பாளையம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். சொல்லாததைச் செய்யவும் மாட்டார்கள்.

அந்த வருசம் மழை கையை விரித்துவிட்டது. மேய்ச்சல் காட்டில் புல் கருகிப்போக, ஆடுகளெல்லாம் எலும்பும் தோலுமாக நடமாடின. பாவாயியின் சினை ஆடு செவலை, எழுந்து நிற்கவே யோசித்தது. அது இந்தக் கோடையைத் தாண்டுமா என்ற கவலையில் பாவாயிக்குச் சோறு இறங்கவில்லை.

கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டரம்மா ஆனந்தவல்லி வந்தார். பாவாயியின் புருசன் கொமாரப்பனிடம் ஒரு கூடை சவுண்டல் செடிகளைக் கொடுத்தார்.

"இதோட தழை ஆட்டுக்கு நல்ல தீவனம். நட்டு, சுத்தி வேலி போடுங்க. வளர்ற வரைக்கும் செடியில ஆட்டு வாய் படக்கூடாது. நான் திரும்பி வர்றப்ப செடி உசுரோட நின்னா, ஊருக்கே செடி தர்றேன். இல்லேன்னா அடுத்த ஊருக்குப் போயிரும்."

செடி நட்டதும் ஊர் கூடிப் பேசியது.

"ஆட்டு வாய் படக்கூடாதுன்னா வாயைத்தான் கட்டோணும்," என்றான் பாவாயியின் தம்பி திருமூர்த்தி.

மாட்டுக்குப் போடும் வாய்க்கூட்டை ஆடுகளுக்கு மாட்டினார்கள். அது ஆட்டின் தலையையே மூடிக்கொண்டது. கண் தெரியாத ஆடுகள் நேராகப் போய்ச் செடிமேல் விழுந்தன.

"வாய் படலையே மச்சான். வயிறுதானே பட்டுச்சு," என்று திருமூர்த்தி சமாதானம் சொன்னான். இருந்தாலும் செடி சாய்ந்துவிட்டதால், நிமிர்த்தி வைத்து, டாக்டரம்மா சொன்ன வேலியையும் போடுவது என்று முடிவாயிற்று.

காட்டில் வெள்வேல மரங்கள் மட்டும் வறட்சியைச் சட்டை செய்யாமல் பச்சையாக நின்றன. கிளைகளைத் தழையும் காயுமாக வெட்டி வந்து வேலி போட்டார்கள். காலையில் பார்த்தால் குச்சிதான் மிச்சம். ஆடுகள் பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"வேலியைத் தின்ன ஆட்டைத் தொரத்தலாமா?" என்று கேட்டான் கொமாரப்பன்.

திருமூர்த்தி தடுத்தான். "டாக்டரம்மா செடியைத்தான் சொன்னாங்க. வேலியில வாய் படக்கூடாதுன்னு பேச்சே எடுக்கலை. சொல்லாததுல நாம தலையிடறது தப்பு மச்சான்."

ஆகவே ஆட்டை விட்டுவிட்டுப் புது வேலி போட்டார்கள். அதையும் ஆடுகள் தின்றன. அப்புறம் தினமும் ஊருக்கு இதே வேலையாகிவிட்டது. வேலி வெட்டி ஓய்ந்த களைப்பில் ஆட்டுக்குத் தீவனம் போட ஒருவருக்கும் ஞாபகமில்லை.

பாவாயி ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள்.

"ஏனுங்க, ஆட்டுக்கு ஒரு புடி தழை போட்டிருப்பீங்களா? பட்டினி கெடந்து கெடந்து செவலைக்கு ஒடம்பெல்லாம் ஊதிப்போச்சு."

ஊரே போய்ப் பார்த்தது. செவலை மட்டுமல்ல, எல்லா ஆடுகளும் ஊதியிருந்தன. பட்டினி வீக்கம் என்று பெயர் வைத்து, கோயிலில் மந்திரித்த கயிற்றைக் கழுத்துகளில் கட்டினார்கள். செவலை இரண்டு கொழுத்த குட்டிகளை ஈன்றதும், வீக்கம் பாதி இறங்கிவிட்டதென்று பாவாயி வயிறாரச் சாப்பிட்டாள்.

டாக்டரம்மா திரும்பி வந்தார். இடுப்பளவு செடிகளையும் பளபளவென்ற ஆடுகளையும் பார்த்து அசந்துபோனார்.

"இந்தப் பஞ்சத்துல என்ன தீவனம் போட்டீங்க?"

"தீவனம் போடலீங்க. வேலிதான் போட்டோம்," என்றான் கொமாரப்பன்.

நடந்ததைக் கேட்டு டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பரவாயில்லை, செடியைக் காப்பாத்திட்டீங்க. சொன்னபடி ஊருக்கே சவுண்டல் தர்றேன்."

ஊர் தள்ளிப் போய்க் கூடிப் பேசியது. கொமாரப்பன் கையைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"செடி வேண்டாமுங்க. வேலி வெதை இருந்தாக் குடுங்க. ஆடு அதைத்தானுங்க திங்குது."

"சரி, வேலியையே நடறீங்கன்னு வெச்சுக்குவோம். முளைச்சதும் ஆடு தின்னுராதா?"

"அதுக்கும் வழி பண்ணிட்டோமுங்க," என்றான் திருமூர்த்தி. அவனுக்குப் பின்னால் ஊரே சவுண்டல் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தது. "இதையெல்லாம் சுத்தி வேலியாப் போட்டிருவோம்."