கடைமடைக்காரரின் கேள்வி

மாசிலாமணி அன்று காலை ஆசிரமத்துக்குள் நுழைந்த வேகத்தில் செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. குருவாக ஏற்றுக்கொண்ட அருள்மொழி அம்மையைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். மூன்று வருஷமாக அவரிடம் பாடம் கேட்கிறார். கோபத்தை அடக்கும் பாடம் மட்டும் இன்னும் மண்டையில் ஏறவில்லை.

“என்னைச் சோம்பேறின்னு சொல்லிட்டான், அம்மா! ஊர்க் கூட்டத்துல, அத்தனை பேர் முன்னால!”

அம்மை உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“யாரு?”

“வேற யாரு? தில்லைநாயகம்தான்.”

சங்கதி இதுதான். அந்த வருஷம் ஏரியில் கால்வாசித் தண்ணீர். மதகை ஒட்டிய தலைமடை வயல்கள் தில்லைநாயகத்துக்கும் அவருடைய பங்காளிகளுக்கும் சொந்தம். வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் மாசிலாமணியைப் போன்றவர்களுக்குத் துண்டு துண்டாக நிலம். மேலே பாய்ந்தது போக மிஞ்சினால்தான் கீழே வரும். என்றைக்கு மிஞ்சியிருக்கிறது? மூன்று போகமாக மாசிலாமணியின் நெல் கதிர் விடும் நேரத்தில் கருகிப்போனது. இந்தத் தடவையும் கருகினால் நிலத்தை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. வாங்கிக்கொள்ளத் தில்லைநாயகம் தயாராக இருந்தார்.

இந்த ஒரு வருஷம் கீழிருந்து தண்ணீர் முறை வையுங்கள் என்று கடைமடைக்காரர்கள் முந்தின நாள் கூட்டத்தில் கேட்டார்கள். தலைமடைக்காரர்கள் குதித்தார்கள். கடைசியில், அம்மை என்ன சொல்கிறாரோ அதுவே தீர்ப்பு என்று இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்துவிட்டுக் கலைந்தார்கள்.

“‘நான் உழைச்சேன், சேர்த்தேன். நீங்க படுத்துத் தூங்கினீங்க’ன்னு சொல்றான். விடியறதுக்கு முன்னாடி களை பறிக்கப் போற கை அம்மா இது!” மாசிலாமணி இரண்டு கைகளையும் நீட்டினார். காய்ப்பு ஏறிய கைகள். “நீங்களே சொல்லுங்க. செல்வம் உழைப்புல வருதா, பொறந்த இடத்துல வருதா, இல்லை அதிர்ஷ்டத்துல வருதா?”

“மத்தியானம் எல்லாரையும் சாப்பிட வரச் சொல்லுங்க.”

“நான் நியாயம் கேக்கறேன், நீங்க சோறு போடறேங்கறீங்க!”

“சாப்பிட்டுட்டுப் பேசலாம், ஐயா.”

மத்தியானம் இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து நாற்பது பேர் வந்தார்கள். நீளக் கூடத்தில் ஒரே வரிசையாக இலை போட்டிருந்தது. தில்லைநாயகம் யாரும் சொல்லாமலே நேராகப் போய், சமையலறை வாசலை ஒட்டிய முதல் இலையில் உட்கார்ந்தார். மாசிலாமணியும் யாரும் சொல்லாமலே கடைசி இலைக்குப் போனார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தன் கால்கள் மேலேயே ஆத்திரம் வந்தது.

அம்மை சோற்று அண்டாவைத் தானே தூக்கி வந்தார். தில்லைநாயகம் இலையில் தண்ணீர் தெளித்துத் தயாரானார். அம்மை அவரைத் தாண்டி நடந்து, கடைசி இலைக்கு வந்து அண்டாவை இறக்கினார்.

“இன்னைக்கு இங்கிருந்து.”

மாசிலாமணி சாப்பிட்டார். மறுசோறு கேட்டார், வந்தது. இன்னொரு தடவை கேட்டார், அதுவும் வந்தது. பக்கத்தில் இருந்தவர்களும் லேசில் விடவில்லை. அந்தக் கோடியில் தில்லைநாயகம் வெறும் இலையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்க மாசிலாமணிக்குக் குழம்பு இன்னும் ருசித்தது.

தலைப்பக்கம் இன்னும் ஐந்து இலைகள் மீதி இருக்கும்போதே அண்டாவில் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. தில்லைநாயகத்தின் இலைக்கு வந்து சேர்ந்தது உப்பும் ஊறுகாயும்தான்.

“என்னம்மா இது? முதல் இலையில உட்கார்ந்திருக்கேன்!”

“சாப்பிடுங்க.”

“எதைச் சாப்பிட?”

“அவங்கல்லாம் கை ஓயாம சாப்பிட்டாங்களே. நீங்களும் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்க.”

“இலையில ஒண்ணும் விழாம எவனால சாப்பிட முடியும்? கேலி பண்றீங்களா?” தில்லைநாயகம் எழுந்து நின்று கத்தினார்.

“இதையேதான் நேத்து அவங்க உங்ககிட்ட சொன்னாங்க. உங்களுக்குக் காது கேக்கலை.” அம்மை கரண்டியைக் கீழே வைத்தார். “இந்த வருஷம் முறை கீழிருந்து.”

ஊர் முன்னால் கொடுத்த வாக்கு. மீற முடியாது. தில்லைநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று வெளியேறினார். பங்காளிகளும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள். கடைமடைக்காரர்கள் கைதட்டினார்கள்.

கூடம் காலியானதும் மாசிலாமணி கை கழுவிவிட்டு, ஏப்பம் விட்டபடி அம்மையிடம் வந்தார். முகமெல்லாம் வெற்றி.

“போட்டீங்களே ஒரு போடு! அவன் மூஞ்சியைப் பார்த்தீங்களா? ஆனா அம்மா, காலையில நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை. அவன்கிட்ட மட்டும் எப்படி அவ்வளவு சேர்ந்தது?”

அம்மை நிமிர்ந்து பார்த்தார். தில்லைநாயகம் கத்தியபோதுகூட அவர் கண்ணில் இவ்வளவு கோபம் இல்லை.

“நாற்பது பேருக்கு அளந்துதான் உலையில அரிசி போட்டேன், ஐயா. நீங்க மூணு தடவை வாங்கினீங்க.”