கிழக்கு வாசலிலிருந்து எண்ணிய கல்

கடலோரத்துக் கன்னியர் மடம் அது. அதன் பின்புறம் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம். சண்டையில் செத்தவர்களின் வீட்டார் தூரத்து ஊர்களிலிருந்து கடிதம் போடுவார்கள். சிஸ்டர்கள் கல்லறையைப் படமெடுத்து அனுப்புவார்கள்.

சொல்ல எளிது. கல்லில் பெயர் நின்றால்தானே? பெயிண்டை உப்புக்காற்று ஒரே வருஷத்தில் தின்றுவிடும். பதிவேட்டில் எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கல் என்று பார்த்து, தேடிப்போய், கழுவி, பூ வைத்துப் படமெடுக்க வேண்டும்.

சிஸ்டர் லூர்துமேரி கழுவினாள், பூ வைத்தாள், படமும் எடுத்தாள். எண்ணியதுதான் தப்பு. பதிவேடு பழைய மேற்கு வாசலிலிருந்து எண்ணுகிறது. அவள் புதிதாகத் திறந்த கிழக்கு வாசலில் நுழைந்து ஏழாவது கல்லைப் படமெடுத்துவிட்டாள். விஷயம் விளங்கியபோது மூன்று மாதம் ஆகியிருந்தது. மகனின் கல்லறைப் படம் கேட்டிருந்த பேச்சியம்மாளின் பதில் கடிதமும் கயத்தாற்றிலிருந்து வந்திருந்தது.

“மகன் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி விளக்கேற்றுகிறேன். இப்போதுதான் தூக்கம் வருகிறது.”

லூர்துமேரி கடிதத்தோடு மதர் செலஸ்டினிடம் போனாள். மதர் அவளைவிட நாலு வயது இளையவர். அதற்காக அவருடைய வாய் ஒன்றும் சிறியதில்லை.

“சொன்னா அந்தம்மா உடைஞ்சுபோவாங்க, மதர். சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குது.”

“அவங்க தூக்கமா, உங்க சோறான்னு கேட்கிறீங்க.”

“அப்படிச் சொன்னா அசிங்கமா இருக்கே!”

“இருக்கட்டும். வாளியை எடுங்க.”

மேற்கு வாசலிலிருந்து எண்ணி, பேச்சியம்மாளின் மகன் முருகையாவின் கல்லை இருவரும் கழுவினார்கள். லூர்துமேரி படமெடுத்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்துத் திரும்பினாள். மதர் வாளியோடு, முன்பு தப்பாகப் படமெடுத்த அந்த இன்னொரு கல்லுக்கு நடந்தார்.

“இது யாரு?”

“தேவசகாயம்னு பதிவேட்டில இருக்கு.”

“வீட்டிலிருந்து யாராவது எழுதினாங்களா?”

“பதினோரு வருஷமா ஒரு கார்டுகூட இல்லை, மதர்.”

மதர் வாளியைக் கீழே வைத்தார். குந்தி உட்கார்ந்து கல்லை அழுத்தித் தேய்த்தார்.

மறுநாள் காலை லூர்துமேரி கடிதம் எழுதிக் கொண்டுவந்தாள். எண்ணியவள் தானே, தப்பும் தன்னுடையதே என்று மழுப்பாமல் எழுதியிருந்தாள். சரியான படம் இத்துடன் என்றும் இருந்தது. கடைசி வரி: “முன்பு அனுப்பியது வேறொருவருடைய கல்லறை. அந்தப் படத்தைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடவும்.”

மதர் பேனாவை எடுத்தார். ‘திருப்பி அனுப்பிவிடவும்’ என்று முடிந்த வாக்கியத்தை அடித்தார்.

“அது அவங்க மகன் இல்லையே, மதர். அதை வச்சு அவங்க என்ன செய்வாங்க?”

“‘வேறொருவர்’னு எழுதியிருக்கீங்களே, அங்கே அவர் பேரை எழுதுங்க. வச்சுக்கிறதா வேணாமான்னு அந்தம்மா சொல்லட்டும். நாம எண்ணத் தெரியாம எண்ணினதுக்கு அந்தப் பிள்ளை ஏன் மறுபடியும் அநாதையாகணும்?”