‘ஏழு தீவு’ வாங்கலாமா?

குருவைத் தேடி மலையேறுகிறவர்கள் பிறவி, மரணம் என்று பெரிய பெரிய கேள்விகளாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஜெசிந்தா தூக்கிக்கொண்டு போனது ஒரு லேப்டாப், ஒரு டப்பா அச்சு முறுக்கு, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்கலாமா கூடாதா என்ற கேள்வி. அவ்வளவுதான்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு முப்பத்துமூன்று.

குருவின் பெயர் நாச்சியார். மலை உச்சியில் மழையளக்கும் நிலையம் ஒன்றைத் தனியாகப் பார்த்துக்கொண்டாள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளந்து எழுதினால் வேலை முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் ‘ஏழு தீவு’. அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் கூடிப் பேசுகிற இணையதளத்தில் அவளை ஆசான் என்றே கூப்பிட்டார்கள். ஜெசிந்தா அங்கே நாற்பது கேள்விகள் போட்டிருந்தாள். ஆசான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ‘ஒருதடவை மலைக்கு வந்துட்டுப் போங்க, அக்கா’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

பஸ் இறக்கிவிட்ட இடத்தில் சாலை இருந்தது. சாலைக்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. பனிமூட்டத்துக்குள் கையை நீட்டினால் விரல் நுனி கரைந்துபோனது. எங்கோ ஒரு மாடு இருமியது. மூட்டம் கொஞ்சம் நகர்ந்து ஒரு படிக்கட்டைக் காட்டியது. ஏறியதும் பின்னாலேயே வந்து மூடிக்கொண்டது. தூங்குகிறவர் கனவுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போல ஜெசிந்தாவுக்குக் கூச்சமாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“குட் ஆஃப்டர்நூன், மிஸ்.”

கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள். சொல்லிக்கொடுக்கிறவர் கைக்குழந்தையாக இருந்தாலும் அவளுக்கு மிஸ்தான்.

“உக்காருங்க அக்கா. டீ குடிக்கறீங்களா?”

“டீயெல்லாம் அப்புறம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நான் முடிவு பண்ணணும். வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தைல சொல்லிடுங்க.”

நாச்சியார் டீ போடப் போனாள்.

ஜெசிந்தாவுக்குப் பொறுமை என்பது அடுத்த வீட்டுச் சாமான். எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், முறுக்கு டப்பாவைத் திறந்து மூடினாள். ஜன்னல் திறந்தே கிடந்தது. மூட்டம் உள்ளே வந்து மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் நின்றது. திரையிலும் மூட்டம்தான். ‘ஏழு தீவி’ல் யாரும் இன்னும் போகாத இடமெல்லாம் அப்படித்தான் மூடிக் கிடக்கும். படகு விட்டால்தான் விலகும். எது வெளி மூட்டம், எது ஆட்டத்து மூட்டம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கே குழம்பியது.

டீ வந்தது.

“எதுக்கு இப்ப திடீர்னு வாங்கணும்னு தோணுச்சு?” என்றாள் நாச்சியார்.

“எனக்கா தோணும்? என் நாத்தனார் பெர்னதெத் கூப்பிட்டிருக்கா. வெளிநாட்டுல, ஹாலிஃபாக்ஸ்ல இருக்கா. நானும் அவளும் ஒரே க்ளாஸ், ஒரே பெஞ்ச். அப்புறம் அவ அண்ணனையே கட்டிக்கிட்டேன். அவ ஒரு ஆட்டம் ஆரம்பிச்சு, எதிர் நாற்காலிய எனக்குன்னு போட்டு வச்சிருக்கா. காசு குடுத்து வாங்கினாத்தான் அதுல உக்கார முடியும். ஒரு நாளைக்கு ஒரு முறை. இன்னைக்கு அவ ஆடினா நாளைக்கு நான். அழைப்பு பன்னிரண்டு நாள்தான் நிக்கும். இன்னைக்குப் பன்னிரண்டாம் நாள்.”

“அவங்க ஃபோன் பண்ணிச் சொன்னாங்களா?”

“ஃபோனா! ஆறு வருஷமா பேச்சே கிடையாது.”

நாச்சியார் முறுக்கை உடைத்தாள். “நல்லா மொறுமொறுன்னு இருக்கு.”

“மிஸ், ஆட்டத்தப் பத்திச் சொல்லுங்க.”

“இலவசமா கொஞ்சம் ஆடிப் பாக்கலாமே. ஆடினீங்களா?”

“நாலு மாசமா ஆடறேன். ஒரு ஆட்டத்துல முப்பது முறை வரைக்கும் இலவசம்.”

“முப்பதாவது முறை எப்படி இருந்துச்சு?”

ஜெசிந்தா டீயை ஊதினாள். “அவ்வளவு தூரம் போகல.”

“எதுவரைக்கும் போனீங்க?”

“பதினேழு.”

“நாலு மாசத்துல?”

“ஏதாவது கெட்டுப்போச்சுன்னா பழைய இடத்துக்குத் திரும்பிப் போயிடுவேன். அதான் சேமிச்சு வைக்க முடியுதே. படகு முழுகினா திரும்ப. அறுவடை பொய்ச்சா திரும்ப. என் தீவுல இதுவரைக்கும் ஒரு ஆட்டுக்குட்டி செத்ததில்ல, மிஸ்.” சொல்லும்போது அவள் முகத்தில் முதல் ரேங்க் வாங்கிய களை.

“பெரிய விஷயம்தான்” என்றாள் நாச்சியார். கேலியா என்று ஜெசிந்தா உற்றுப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

“அதனாலதான் நான் கேக்க வந்தது வேற. காசு குடுத்து வாங்கினவங்க ஆட்டத்துக்குள்ள கை வச்சு எத வேணும்னாலும் மாத்தலாமாமே. மோட்னு சொல்றாங்க.”

“மாத்தலாம்.”

நாச்சியார் திரையைத் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டினாள். யாரோ ஒருவர் படைவீரர்களை எல்லாம் கொக்குகளாக்கி வைத்திருந்தார். சண்டை என்றால் இரண்டு கூட்டமும் எழும்பி ஒரு வட்டம் போட்டு இறங்கின. இன்னொருவர் கடலை எடுத்துவிட்டு ஆகாயத்தைப் போட்டிருந்தார். படகுகள் நட்சத்திரங்களுக்கு நடுவே துடுப்புப் போட்டன. ஒன்றில் ராஜாக்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் புரண்டு படுத்தால்தான் எல்லைக்கோடு நகரும். ஜெசிந்தா டீயை மறந்தாள். வீட்டில் கேஸை அணைத்தோமா என்ற கவலையைக்கூட மறந்தாள். வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற சங்கதி இல்லை.

“இதெல்லாம் அழகுதான்” என்றாள் கடைசியில். “ஆனா எனக்கு வேணும்கறது ஒண்ணே ஒண்ணு. தனியா ஆடும்போது திரும்பிப் போக முடியுது. ரெண்டு பேர் ஆடும்போது, அனுப்பின முறை அனுப்பினதுதான்னு சொல்றாங்க. அனுப்பினதத் திரும்ப எடுத்துக்கற மாதிரி யாராவது மாத்தியிருக்காங்களா? அது இருந்தா வாங்கறேன். இல்லன்னா வேண்டாம்.”

நாச்சியார் தன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி என்னக்கா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அவ புருஷன விட்டுட்டு ரெண்டு பெட்டியோட எங்க வீட்டுக்கு வந்தா. சாப்பாடு போட்டேன். போடும்போது கேட்டேன், எத்தனை நாள் இருப்பேன்னு. ஞாயித்துக்கிழமைக்குக் கறி எவ்வளவு வாங்கறதுன்னு தெரிய வேண்டாமா? அதுக்குத்தான் கேட்டேன்.”

“அதுக்குத்தானா?”

ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள்.

“இல்ல” என்றாள். “காலைல எழுந்து பாத்தா பெட்டி ரெண்டும் இல்ல.”

மூட்டம் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. நாச்சியாரின் குரல் அதற்குள்ளிருந்து வந்தது.

“நீங்க கேட்ட மோட் இருக்கு. நான்தான் எழுதினேன்.”

“அப்படிச் சொல்லுங்க! முதல்லயே சொல்லியிருக்கலாமே, மிஸ்.”

“பாருங்க.”

திரையில் இரண்டு தீவுகள். அப்படி ஒரு அழகை ஜெசிந்தா இலவச ஆட்டத்தில் பார்த்ததே இல்லை. கரையெல்லாம் புன்னை மரங்கள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விளக்கு, கிணற்றடியில் பூனை. பூனைக்குக்கூட நிழல் இருந்தது. எதிர்த் தீவிலும் அப்படியே. நடுவில் கடல்மேல் மட்டும் தடித்த மூட்டம், கலையாமல்.

“யார்கூட ஆடறீங்க?”

“எங்க அண்ணன்கூட. அவனுக்கும் எனக்கும் ஒரு பேச்சு முத்திப்போச்சு. வீட்டுக்கு வர்றத நிறுத்திட்டான். இதுல மட்டும் ஆடுவோம்.”

“எத்தனை வருஷமா?”

“ஆறு வருஷம் ஆடினோம்.”

“எத்தனாவது முறைல இருக்கீங்க?”

“நாலாவது.”

ஜெசிந்தா அவளைப் பார்த்தாள்.

“நான் ஒரு படகு அனுப்புவேன்” என்றாள் நாச்சியார். “அவன் என்ன நினைப்பானோன்னு இருக்கும். எடுத்துக்குவேன். அப்புறம் அவன் ஒண்ணு அனுப்புவான். நான் திறந்து பாக்கறதுக்குள்ள அவனும் எடுத்துக்குவான். சும்மா இருக்கற நேரத்துல அவங்கவங்க தீவுல மரம் நட்டோம்.”

“இப்ப யார் முறை?”

“என் முறை. அனுப்பலாம். எடுத்துக்கலாம். திரும்ப அனுப்பலாம்.” அவள் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். “அந்தப் பக்கம் ஆள் இல்ல. போன பங்குனியோட மூணு வருஷம்.”

ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். வாய் வரைக்கும் வந்த எதையும் சொல்லவில்லை. அவள் வாயை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

நாச்சியார் இழுப்பறையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். “இதுல இருக்கு. எடுத்துக்கோங்க. ரெண்டு பக்கமும் போட்டாத்தான் வேலை செய்யும். அவங்களையும் போடச் சொல்லணும்.”

“அவளையா? என்னன்னு சொல்லச் சொல்றீங்க? எனக்குப் பயமா இருக்கு, நீயும் போடுன்னா?”

“அது உங்க இஷ்டம்.”

ஜெசிந்தா பென்டிரைவைத் தொடவில்லை. பயம் வந்தால் கோபம் வருகிற ஜாதி அவள். வந்தது.

“அவளோட போய் ஆடறதாவது! அவளுக்கு ஆடவே தெரியல, மிஸ். அவ முதல் முறைய ஆடி வச்சிட்டா. அழைப்புலயே தெரியுது. நீங்களே பாருங்க.” லேப்டாப்பைப் பிடுங்குவது போலத் திறந்தாள். “கோட்டைக்கு ஒரு காவல் கிடையாது. கதவத் திறந்து போட்டிருக்கா. கைல இருக்கறதே ஒரு படகு, அதையும் நேரா என் தீவுப் பக்கம் விட்டிருக்கா. அதுல ஆள் இருக்கா, ஆயுதம் இருக்கா? வெறும் அரிசி மூட்டை. நான் நினைச்சா ரெண்டே முறைல அவ தீவையே பிடிச்சிடலாம். இப்படியா ஒருத்தி ஆட்டம் ஆரம்பிப்பா? படிச்ச காலத்துலயே இப்படித்தான், எதையும் யோசிக்கமாட்டா.”

நாச்சியார் குனிந்து பார்த்தாள். அந்தப் படகு மூட்டத்தின் ஓரத்தில் அசையாமல் நின்றது. பாயில் காற்று மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

சுவர்க் கடிகாரம் ஐந்தரை காட்டியது. வெளியே மழையளக்கும் குடுவையில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழ ஆரம்பித்தது.

“ஒரு சட்டம் உங்களுக்குத் தெரியுமாக்கா? எந்த மோடும் வேண்டாம், ஆட்டத்துலயே இருக்கறது. எதிர் நாற்காலில ஆள் உக்கார்ற வரைக்கும், முதல் முறைய ஆடினவங்க அத மாத்திக்கலாம். படகத் திரும்பக் கூப்பிடலாம். கதவச் சாத்திக்கலாம்.”

“தெரியும். அந்த நாற்பது கேள்வில அதுவும் ஒண்ணு.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“அவளுக்கா? சட்டப் புத்தகத்த முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்காம எதையும் தொடமாட்டா.”

நாச்சியார் மழையை அளக்க எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“அவங்களுக்குப் பன்னிரண்டு நாள் இருந்துச்சு, அக்கா. படகு அங்கேயேதான் நிக்குது.”