காட்டுக்கெல்லாம் ஒரே அறிவிப்பு

மலையடிவாரச் சுனைக்கரையில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தான். பெயர் வேலாண்டி. காட்டில் எல்லோரும் அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வளை வாசலில் அவன் ஒரு கடை வைத்திருந்ததுதான் காரணம்.

கடையில் மண்ணைக் கிண்டி எடுத்த கிழங்கு இருக்கும். உதிர்ந்த நெல்லிக்காய், இலந்தைப்பழம், மூங்கில் குருத்து எல்லாம் இருக்கும். ஆற்றோரத்தில் பொறுக்கிய எலும்பும் சில நாள் இருக்கும். விலை என்று ஒன்றும் கிடையாது. எடுத்துக்கொள்கிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகவேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

முள்ளம்பன்றி பக்கத்தில் யார் உட்காருவார்கள்? கோபம் வந்தால் முள் சிலிர்க்கும் என்பது ஊரறிந்த விஷயம். வேலாண்டிக்குச் சந்தோஷம் வந்தாலும் சிலிர்க்கும். "வாங்க, வாங்க!" என்று அவன் ஆசையாக எழுந்தாலே வந்தவர்கள் நாலடி பின்னால் போய்விடுவார்கள். கிழங்கைக் கவ்விக்கொண்டு, "சோலி கிடக்கு அண்ணாச்சி!" என்று நழுவிவிடுவார்கள். பேச வைத்திருந்ததெல்லாம் அவன் தொண்டையிலேயே நின்றுபோகும்.

ஒருத்தி மட்டும் நழுவமாட்டாள். மருதாயி என்ற புள்ளிமான். தினமும் காலையில் தன் குட்டியோடு வருவாள். நெல்லிக்காயைத் தின்றுவிட்டு வேலாண்டிக்குப் பக்கத்திலேயே கால் மடக்கி உட்காருவாள். குட்டி அவன் முள்ளை மோந்து பார்த்துத் தும்மும். அதைப் பார்த்து இருவரும் சிரிப்பார்கள்.

அந்த ஒருத்தி போதும் என்று வேலாண்டி இருந்திருக்கலாம். தனிமையில் கிடந்தவனுக்கு ஒரு வாய்ப் பேச்சு கிடைத்தால் இன்னும் நூறு பேர் வந்தால் என்ன என்று தோன்றும். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

சுனைக்கரை ஆலமரத்தில் ஒரு மைனாக் கூட்டம் இருந்தது. அதன் தலைவன் பேச்சிமுத்து. வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று நினைக்கிற ஆள் அவன்.

"பேச்சிமுத்து, என் கடையப் பத்திக் காடு முழுக்கச் சொல்லணும். முடியுமாடே?" என்று கேட்டான் வேலாண்டி.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டீரு! நாங்க நாப்பது பேரு இருக்கோம். என்ன சொல்லணும், அதச் சொல்லும். யாருக்குச் சொல்லணும்?"

"எல்லாருக்கும்!"

"எதச் சொல்லணும்?"

"எல்லாத்தையும்!"

மறுநாள் காலையில் காடே அதிர்ந்தது. "நெல்லி இருக்கு! இலந்தை இருக்கு! குருத்து இருக்கு! கிழங்கு இருக்கு! வாங்க, வாங்க!" என்று நாற்பது தொண்டைகள் மரத்துக்கு மரம் கூவின. கரடி வந்தது. முயல் வந்தது. யானைகூட எட்டிப் பார்த்தது. வேலாண்டிக்கு முள்ளெல்லாம் குத்திட்டு நின்றது. யாரிடம் முதலில் பேசுவது என்று தெரியாமல் அங்கும் இங்கும் ஓடினான்.

இரண்டாம் நாள் பாதிப் பேர்தான் வந்தார்கள். ஐந்தாம் நாள் இரண்டு பேர். பத்தாம் நாள் மைனாக்களைக் கண்டதுமே குரங்குகள் மரம் மாறின. கிழங்கு தின்னும் கரடிக்கு விடிந்தால் இலந்தையும் குருத்தும்தான் காதில் விழுந்தன. கிழங்கின் பெயர் வருவதற்குள் அது குகைக்குள் போய்விடும். யானை இரண்டு காதையும் படபடவென்று அடித்துக்கொண்டே நடந்தது.

"ஆள் வரக்காணோமே!" என்றான் வேலாண்டி.

"சத்தம் பத்தல அண்ணாச்சி! தினம் மூணு தடவ கூவிருவோமா?" என்றான் பேச்சிமுத்து.

"கூவுங்கடே!"

மருதாயிதான் கேட்டாள்: "எதுக்கு அண்ணாச்சி இந்தக் கூச்சல்? நான்தான் கூப்பிடாமலே தினம் வாரேனே!"

"இது உனக்கில்ல தாயி, ஊருக்கு."

"என் காதுலயும்தான விழுது?"

"விழுந்துட்டுப் போவுது! நீ என்ன வேத்தாளா?" என்று சிரித்து மழுப்பினான் வேலாண்டி.

ஒரு நாள் விடியுமுன் ஆற்றுமேட்டில் கொஞ்சம் எலும்பு கிடந்தது. சின்னச் சின்ன எலும்பு. எலும்பைப் பொறுக்கி வளைக்குக் கொண்டுவருவது முள்ளம்பன்றிக்கு வழக்கம்; கண்டால் சும்மா வரத் தெரியாது. அதை இழுத்துவந்து கடையில் வைத்தான். பேச்சிமுத்துவிடமும் சொல்லிவிட்டான்.

அன்றைக்கு மருதாயி அவன் கண்ணில் படவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஏழு நாள் ஆயிற்று. வேறு யாரும் வரவில்லை. மைனாக்கள் மட்டும் காலை, மதியம், மாலை என்று கூவிக்கொண்டிருந்தன. காடு முழுக்கத் தன் பெயர் கேட்கிறது, தன்னைக் கேட்க ஒருவரும் இல்லை! வேலாண்டிக்கு அழுகையாக வந்தது. இலந்தை அழுகியது. நெல்லிக்காய் சுருங்கியது. பேசாமல் பேசாமல் அவன் நாக்கே தடித்துப்போனதுபோல் இருந்தது.

வாசல் மணலை அவன் ஒருநாளும் கூட்டியதில்லை. கூட்டினால் வந்தவர்களின் காலடி அழிந்துவிடுமே! ஆள் இல்லாத நேரத்தில் அந்தக் காலடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அது ஒரு துணை. அன்று மாலையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரடியின் காலடி நேராகக் கிழங்குக் குவியலுக்குப் போயிருந்தது. வேறு பக்கம் திரும்பவே இல்லை. முயலின் காலடி குருத்துப் பக்கம் மட்டும். சுடலை என்கிற கழுதைப்புலி எலும்பு இருக்கும் மூலைக்கு ஒரே ஒருதரம்தான் போயிருந்தான். ஆனால் இலந்தைக் குவியலைச் சுற்றி அவன் காலடியால் மணல் மிதிபட்டுக் கிடந்தது!

'அட, இவ்வளவு நாளும் எனக்கு இது தெரியாமப் போச்சே!' என்று நினைத்தான் வேலாண்டி.

பிறகு மருதாயியின் குளம்படியைத் தேடினான். தினமும் நெல்லிக் குவியல்வரை வந்திருந்தது. பக்கத்தில் குட்டியின் சின்னக் குளம்படி. கடைசியாக வந்த தடத்தில் குட்டி இல்லை. அந்தத் தடம் பாதி வாசல்வரை வந்து நின்றிருந்தது. அங்கிருந்து திரும்பி ஓடியிருந்தது. மண் ஆழமாகப் பெயர்ந்து கிடந்தது.

வேலாண்டி துள்ளி எழுந்தான். "பேச்சிமுத்து! இங்க வாடே!" என்று கத்தினான்.

பேச்சிமுத்து பறந்து வந்தான்.

"எலும்பு வந்த அன்னிக்கு மருதாயி இங்க வந்தாளா?"

"வந்தாளே! காலையிலேயே வந்தா. நீரு உள்ள இருந்தீரு."

"நீ அப்ப என்ன கூவுன?"

பேச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்தினான். "ஆத்துமேட்டு எலும்பு! பிஞ்சு எலும்பு! நேத்து விழுந்தது! அப்படின்னேன். எப்படி? நானா சேத்துச் சொன்னது!"

"அவ ஏன்டே ஓடுனா?"

"ஏன் ஓடமாட்டா? அவ குட்டிய முந்தின நாள்தான செந்நாய்ங்க ஆத்துமேட்டுல..."

வேலாண்டி கடை மூலையில் கிடந்த அந்தச் சின்ன எலும்புகளைத் திரும்பிப் பார்த்தான்.

"உனக்குத் தெரிஞ்சே கூவினியாடே?"

"காட்டுக்கே தெரியும் அண்ணாச்சி! எல்லாருக்கும் எல்லாத்தையும் சொல்லுன்னு நீருதான சொன்னீரு? ஆளப் பாத்துச் சொல்லச் சொன்னீரா?"

பேச்சிமுத்துவைக் கோபிக்க வழியில்லை. அவன் சொன்னது நிஜம். காட்டுக்கே தெரிந்த சாவு, பேச்சுக்கு ஏங்கிக் கிடந்த வேலாண்டிக்கு மட்டும் தெரியவில்லை. அவன் ஊரைக் கூப்பிட்டானே தவிர, ஊரிடம் எதையும் கேட்டதில்லை. அன்று காலை மருதாயி நெல்லிக்காய்க்காக வரவில்லை. அழ ஓர் இடம் தேடி வந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது அவனுக்கு.

எலும்பு வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. எலும்பு தின்கிறவர்கள் மைனாச் சத்தத்துக்குக் காதை அடைத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள். கேட்கக்கூடாதவள் காதில் மட்டும் அது விழுந்திருக்கிறது.

வேலாண்டி அந்த எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்தான். சுனைக்கு மேலே பாறை நிழலில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தான். மேலே மண்ணை மெதுவாகத் தள்ளி மூடினான். அழுதுகொண்டேதான் செய்தான்.

மறுநாள் மைனாக்களை எல்லாம் கூப்பிட்டான்.

"இனிமே எல்லாருக்கும் ஒண்ணையே கூவக்கூடாது. வேண்டியவங்களுக்கு வேண்டியத மட்டும் சொல்லணும்."

"அதுக்கென்ன! மானுக்குப் புல்லு, கரடிக்குத் தேனு, கழுதைப்புலிக்கு எலும்பு. சாதி பாத்துச் சொல்லிருதோம்!" என்றான் பேச்சிமுத்து.

"சாதியப் பாக்காதடே, காலடியப் பாரு! சுடலை எங்க நின்னுருக்கான்?"

பேச்சிமுத்து குனிந்து பார்த்தான். "அடேயப்பா! இலந்தையிலயா?"

"அவனுக்கு அதத்தான் சொல்லணும். கிழங்கு வந்தா கரடிக்கு மட்டும் சொல்லு. குருத்து முளைச்சா முயலுக்கு மட்டும். ஒரு மாசமா வராதவங்ககிட்ட, எங்க சேதி வேணுமா வேண்டாமான்னு ஒருதரம் கேளு. வேண்டாம்னா அந்தப் பக்கமே போகாத."

யானையிடம் கேட்டார்கள். "வேண்டாம்!" என்றது யானை. அதன் பிறகு யானை காதடிக்காமல் நடந்தது.

சுடலையின் காதருகே ஒரு மைனா மெதுவாகப் போய், "இலந்தை கனிஞ்சிருக்கு. உமக்குன்னு அண்ணாச்சி எடுத்து வச்சிருக்காரு" என்றது.

சுடலை நாலாபக்கமும் பார்த்தான். "மெல்லப் பேசுடே! எவனாச்சும் கேட்டா என் மானம் போயிரும்!" என்றான். பத்து நிமிடத்தில் கடைக்கு வந்துவிட்டான். வாயெல்லாம் பழத்தோடு உட்கார்ந்து, சின்ன வயதிலிருந்தே தனக்கு எலும்பு செரிப்பதில்லை என்ற ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் போனான்.

கரடி வந்தது. முயல் வந்தது. தங்களுக்காகச் சொன்னார்கள் என்று வந்தவர்கள் நின்று பேசவும் செய்தார்கள். கடை வாசல் கலகலத்தது. வேலாண்டி எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தான். ஆனால் அவனுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. வாசல் நிறைந்த அன்றும் அவன் தனியாகத்தான் இருந்தான்.

"அண்ணாச்சி, நெல்லி நிறைய உதிர்ந்திருக்கு. மருதாயிக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

"வேண்டாம். அவகிட்ட ஒரு வார்த்த போகக்கூடாது."

"சொல்லாட்டி எப்படி வருவா?"

"வரவேண்டாம்டே. நான் போறேன்."

வேலாண்டி வெறுங்கையோடு போனான். மூங்கில் புதரில் மருதாயி ஒற்றையாகப் படுத்திருந்தாள். விலா எலும்பு தெரிய இளைத்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"இன்னிக்கு என்ன வந்திருக்குன்னு சொல்லிட்டுப் போக வந்தீங்களா அண்ணாச்சி?"

"ஒண்ணும் சொல்ல வரல தாயி. அன்னிக்கு நீ வந்தது எனக்குத் தெரியாது. அது யாரோடதுன்னும் தெரியாது. தெரியாமத்தான் எடுத்தேன். தெரிஞ்சதும் பாறை நிழல்ல புதைச்சிட்டேன். யாரையும் தொடவிடல."

மருதாயி மெல்ல ஓர் அடி கிட்டே வந்தாள். பேச ஆளில்லாமல் ஏங்கியவன் அன்று வாய் திறக்காமல் நின்றான்.

"எங்கன?" என்றாள் மருதாயி.

இருவரும் நடந்தார்கள். பாறை நிழலில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. மருதாயி மூக்கைத் தாழ்த்தி அந்த மண்ணை மோந்தாள். பிறகு அங்கேயே கால் மடக்கி உட்கார்ந்து, குட்டி பிறந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். வேலாண்டி குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான். பொழுது சாயும்வரை கேட்டான்.

எழுந்தபோது அவள் சொன்னாள்: "மைனாவ எங்கிட்ட அனுப்பாதீங்க அண்ணாச்சி."

"அனுப்பமாட்டேன் தாயி."

"எனக்கு மனசு வந்தா நானே வருவேன்."

"சரி தாயி."

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பேச்சிமுத்துவுக்கு வாய் அரித்தது. வேலாண்டி அவனை ஒரு பார்வை பார்த்து அடக்கினான். அவள் இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் மருதாயி வந்தாள். யாரும் கூப்பிடாமல் வந்து, வேலாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, எல்லோருக்கும் ஒன்றையே கூவுகிறவன் கடைசியில் கேட்க ஆளில்லாமல் நிற்பான்; அவரவருக்கு வேண்டியது எது, அவரவர் மனம் நோவது எதனால் என்று அறிந்து பேசுகிறவனையே உறவு தேடி வரும்.