வாட்டர்லூவுக்கு மூன்று சாட்சிகள்

நெப்போலியன் இறுதியாகத் தோற்ற வாட்டர்லூ போர் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியும், பிரெஞ்சுச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த க்ளாரிஸ் மனைவியா கைம்பெண்ணா என்பது முடிவாகவில்லை. அப்போருக்குச் சென்ற கணவன் எத்தியேனைப் பற்றிப் படைப் பதிவேட்டில் இருந்தது ‘காணவில்லை’ என்ற ஒரு சொல்தான். அவளை மணக்க ரொட்டிக்கடை லூசியன் காத்திருந்தான்.

“அவன் இறந்ததை அருகிருந்து கண்ட ஒருவனை அழைத்து வாருங்கள், அம்மா” என்றார் நீதிபதி. “ஒருவன் போதும். அவன் சொன்னது பொய்யென்று தெரிந்தால் இவ்வழக்கை மீண்டும் எடுக்கமாட்டேன். போருக்கு முந்தைய பிற்பகல் தொடங்கிய அடைமழை விடியும்வரை கொட்டியதாக ஆவணம் சொல்கிறது. சண்டை மறுநாள் பகலில்.”

செய்தி பரவியது. முன்னாள் வீரர் மூவர் ரொட்டிக்கடைக்கு வந்தனர்.

“குதிரைப்படை கிளப்பிய புழுதியில் சூரியனே மறைந்தது” என்றான் ரெமி. “உன் கணவன் கொடியை உயர்த்தி, ‘பேரரசர் வாழ்க!’ என்று முழங்கிச் சாய்ந்தான், தங்கச்சி.”

க்ளாரிஸின் நெஞ்சு நிமிர்ந்தது.

ஒகுஸ்தென் குறுக்கிட்டான். “நான் பின்னால், மேட்டின்மேல் நின்றேன். களம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் உன் பெயரை முணுமுணுத்தபடி உயிர் விட்டான்.”

அவள் கண் கலங்கியது.

மூன்றாமவன் பாசில் தலைகுனிந்தே பேசினான். “துப்பாக்கிப் புகையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, அம்மா. என் ஒரு காலணி சேற்றோடு போயிற்று. பக்கத்தில் எத்தியேன் விழுந்தான். நாடி பார்த்தேன், இல்லை.”

“சண்டைக்குப் போனாயா, மீன் பிடிக்கப் போனாயா?” என்று சிரித்தான் லூசியன்.

“கடைசியாக என்ன சொன்னார்?” என்றாள் அவள்.

“எனக்குக் கேட்கவில்லை, அம்மா.”

அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இம்மூவரில் யாரை அவள் நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்வது சரி?

விடை: பாசிலை. இரவெல்லாம் நனைந்த மண்ணில் புழுதி எழாது. மேட்டில் நின்றவனுக்குப் புகையில் களம் தெரியாது, பீரங்கி முழக்கத்தில் முணுமுணுப்பும் எட்டாது. வீரமும் காதலும் அவர்கள் பின்னர் சேர்த்தவை. பாசில் தன் கைக்கும் கண்ணுக்கும் எட்டியதை மட்டும் சொன்னான். க்ளாரிஸ் அவனையே அழைத்துச் சென்றாள். நீதிபதியும் இறப்பைப் பதிவு செய்தார். அன்றுதான் அவள் முதன்முதலாகத் துக்கத்தின் கறுப்பாடையை உடுத்தினாள். லூசியன் மேலும் ஓராண்டு காத்திருந்தான்.