முன்னால் நடந்தவர்

"மேடம், என் சமன்பாடு பொய் சொல்லுது" என்றார் இன்பராஜ்.

இருபத்தெட்டு வருஷம் கல்லூரியில் கணக்கு நடத்திவிட்டு, உண்ணி பெருகும் விதத்தைக் கணக்கில் பிடிக்க மலைக்கு வந்தவர். அங்கே அவருக்கு உண்ணியைப் பற்றிச் சொல்லித்தரும் ஆசிரியர் குமுதவல்லி, அவரைவிடப் பதினோரு வயது இளையவர். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. புல்லை ஒரு பார்வை பார்த்தே உண்ணி இருக்கிறதா என்று சொல்லிவிடும் அந்த அம்மாவைக் கண்டால் அவருக்கு அப்படியொரு மரியாதை.

"என்ன பொய்?"

"நூறு அடிக்கு நாற்பது உண்ணிங்குது. துணியில ஏறுனது நாலு."

வெள்ளைத் துணியைப் புல்மேல் இழுத்து, அதில் ஏறும் உண்ணியை எண்ணுவதுதான் அங்கே வேலை.

"என்ன செய்யப் போறீங்க?"

"உண்ணி சாகிற விகிதத்தைக் கொஞ்சம் கூட்டுனா நாலுக்கு இறங்கிடும். நாளைக்கு ஊர்க்காரங்க வந்து, மாட்டைக் காட்டுக்குள்ள ஓட்டலாமான்னு கேப்பாங்க. ஓட்டுங்கன்னு சொல்லிடலாம்."

போன வருஷம் அந்தக் காட்டில் உண்ணி கடித்துக் குரங்குக் காய்ச்சல் வந்தவர்களில் இரண்டு பேர் பிழைக்கவில்லை.

குமுதவல்லி துணியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஒருவாட்டி இழுத்துக் காட்டுங்க சார்."

இன்பராஜ் துணியின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நூறு அடி நடந்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நடை. துணி அவருக்குப் பின்னால் வந்தது.

எண்ணினார்கள். மூன்று.

"போன வருஷம் யாரு இழுத்தா?"

"மாதன். பாதையில நின்னுக்கிட்டு, துணியை நீளக் கழியில கட்டிப் பக்கவாட்டுல இழுப்பான். கோணக்கோணையாப் போகும். அதான் இந்த வருஷம் நானே இழுக்கிறேன்."

"சாயங்காலம் ரூமுக்குப் போனதும் என்ன செய்வீங்க?"

"பேண்டை உதறி வெந்நீர்ல போடுவேன்."

"எதுக்கு உதறணும்?"

"உண்ணி இருக்குமே மேடம்..."

சொல்லிக்கொண்டே குனிந்து தன் பேண்டைப் பார்த்தார்.

குமுதவல்லி புல்லில் மண்டியிட்டார். இடுக்கியை எடுத்து இன்பராஜின் பேண்டிலிருந்து உண்ணிகளை ஒவ்வொன்றாகக் குப்பியில் போட ஆரம்பித்தார்.

இன்பராஜ் பதறிக் காலை இழுத்தார். "மேடம், நீங்க என் காலடியில..."

"அசையாதீங்க சார். ஓடிடும்."

நெடுநேரம் ஆயிற்று. முப்பத்தெட்டு.

ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய சமன்பாட்டின்மேல் இன்பராஜுக்கு முதல்முறையாகப் பெருமை பொங்கியது. கூடவே, ஊர்க்காரர்களிடம் சொல்ல இருந்த 'ஓட்டுங்க' ஞாபகம் வந்தது.

"ஊர்க்காரங்க வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"போயிட்டு வாங்க."

அவர் நாலடி போயிருப்பார். குமுதவல்லி, அவர் விட்டுப்போன சமன்பாட்டுத் தாளைத் தூக்கிப் பிடித்துக் கூப்பிட்டார்.

"மாட்டுக்கு ஒரு எழுத்து வச்சிருக்கீங்க. முயலுக்கு, குரங்குக்கு, எலிக்குக்கூட வச்சிருக்கீங்க. நீங்க எங்க சார்?"